ஆக்குபேஷனல் தெரபி மாணவர்களுக்கு: வகுப்பறையிலிருந்து களப்பயிற்சி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நோயாலோ காயத்தாலோ தடைபட்ட அன்றாடச் செயல்களை மீண்டும் செய்ய உதவும், செயல்முறை சிகிச்சை என்று அழைக்கப்படும் ஆக்குபேஷனல் தெரபி படிப்பில் தடுமாறும் மாணவர்களைக் கவனித்தால், அவர்களில் பலர் பாடத்தில் பின்தங்கியவர்கள் அல்லர் என்பது விளங்கும். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களும், கை நரம்புகளின் பெயர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்களும், நோயாளியின் முன்னிலையில் “இந்தப் பயிற்சியை ஏன் கொடுத்தீர்கள்?” என்று மேற்பார்வையாளர் கேட்டதும் வாயடைத்துப் போகிறார்கள். அவர்களுக்கு விடை தெரியாமல் இல்லை. தெரிந்ததை ஒரு முடிவாகவும் அந்த முடிவுக்கான காரணமாகவும் கோத்துச் சொல்லும் பழக்கம் அவர்களிடம் உருவாகவில்லை. அந்தப் பழக்கத்தைக் களப்பயிற்சி தொடங்கும் வரை காத்திராமல் முதல் பருவத்திலிருந்தே வளர்த்துக்கொள்வது எப்படி என்பதைப் படிப்படியாகக் கீழே விளக்கியிருக்கிறேன்.

படி 1: செயலைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்

இந்தத் துறையின் அடிப்படைத் திறன் செயல் பகுப்பாய்வு. முதலாண்டுப் பாடத்தில் ஓர் ஒப்படைப்பாக வந்து போவதால் பல மாணவர்கள் அதை ஒரு சடங்காக முடித்துவிடுகிறார்கள். உண்மையில், பிற்காலத்தில் நீங்கள் எடுக்கப்போகும் சிகிச்சை முடிவுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

சட்டைப் பொத்தான் போடுவதை எடுத்துக்கொள்வோம். ஒரு கை துளையுள்ள ஓரத்தைப் பிடித்து நிலைநிறுத்த வேண்டும். மறு கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் பொத்தானைக் கவ்வி, சரித்து, துளைக்குள் தள்ள வேண்டும். தள்ளிய பொத்தானை மறுபுறத்தில் முதல் கை வாங்கிக்கொள்ள வேண்டும். நடுவிலுள்ள பொத்தான்களுக்குக் கண் துணை செய்கிறது. கழுத்துப் பொத்தானுக்குக் கண் உதவாது என்பதால், தொடு உணர்வையும் விரல்கள் இருக்கும் நிலை பற்றிய உணர்வையும் மட்டுமே நம்ப வேண்டும். கூடவே தோளையும் முழங்கையையும் உயர்த்திப் பிடிக்க வேண்டும். பொத்தானும் துளையும் வரிசை மாறிப் பொருந்திவிட்டால் அதைக் கண்டுபிடித்துத் திருத்தும் கவனம் தேவை. இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, உடுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எழ வேண்டும்.

இனி, அதே செயலை வெவ்வேறு மனிதர்களின் மீது வைத்துப் பாருங்கள். மீடியன் நரம்பு காயமுற்றவருக்குப் பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிராகக் கொண்டுவருவது கடினம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் உள்ளங்கைப் பக்க உணர்வும் மங்கியிருக்கும். ஆகவே கண்ணால் பார்க்கக்கூடிய பொத்தானை அவர் எப்படியோ போட்டுவிட்டாலும் கழுத்துப் பொத்தானில் தோற்றுவிடுவார். பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவருக்குப் பொத்தானைத் தள்ளுவதை விடத் துணியை நிலைநிறுத்துவதே பெரிய தடை. பார்க்கின்சன் நோயுள்ளவர் செயலைத் தொடங்கவும் தொடர்ந்து செய்யவும் நெடுநேரம் எடுத்துக்கொள்வார். மறதிநோய் உள்ளவரின் விரல்களில் குறை இல்லாதபோதும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற வரிசை அவரிடமிருந்து நழுவியிருக்கலாம். கடுமையான மனச்சோர்வில் இருப்பவருக்கோ கட்டிலை விட்டு எழுவதே முதல் தடை.

தடை எங்கே என்று தெரிந்தால் உதவியும் மாறுகிறது. பெரிய பொத்தான், பொத்தான் கொக்கி, ஒட்டுப்பட்டை, கீழிருந்து மேலாகப் போடும் வழக்கம், கடைசிப் படியை மட்டும் முதலில் செய்யவிட்டு மெல்லப் பின்னோக்கிச் செல்லும் கற்பித்தல் முறை ஆகிய எல்லாம் பாடத்தில் இருக்கின்றன. யாருக்கு எது என்பதைச் சொல்வதுதான் பயிற்சி. வாரத்துக்கு ஒரு செயலை இப்படிப் பிரித்து, மூன்று வேறு நோய்நிலைகளுக்கு வைத்து எழுதிப் பாருங்கள். சக மாணவர் ஒருவர் அதைப் படித்து ஒவ்வொரு வரிக்கும் “ஏன்?” என்று கேட்டால் இன்னும் நல்லது.

படி 2: உடற்கூறியலைச் செயலோடு சேர்த்துப் படியுங்கள்

தசை, அதன் தொடக்கம், முடிவு, நரம்பு என்ற பட்டியலை மனப்பாடம் செய்வதைத் தவிர்க்க முடியாது. ஆயினும் அந்தப் பட்டியலின் கடைசியில் “இது செயலிழந்தால் மனிதர் எதைச் செய்ய முடியாது?” என்ற ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டால் பாடத்தின் தன்மையே மாறிவிடும். ரேடியல் நரம்பு பாதிக்கப்பட்டால் மணிக்கட்டு தொங்கிவிடும் என்பது பட்டியலில் இருக்கிறது. மணிக்கட்டைப் பின்னோக்கி நிமிர்த்தி வைக்க முடியாததால் விரல்களை மடக்கும் தசைகள் நன்றாக இருந்தும் பிடியின் வலிமை குறைந்துவிடுகிறது என்பது சிகிச்சையாளருக்குத் தேவைப்படும் வரி.

எண்களையும் இப்படியே பொருளோடு இணைக்க வேண்டும். அன்றாடச் செயல்களில் பெரும்பாலானவற்றுக்கு முழங்கை ஏறத்தாழ 30 பாகையிலிருந்து 130 பாகை வரை மடங்கினால் போதும் என்பது இத்துறையில் நன்கு அறியப்பட்ட கணக்கு. மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரில் 110 பாகையுடன் மடக்கம் நின்றுவிடும் ஒருவரைப் பார்க்கும்போது, “குறைவு” என்று எழுதுவதோடு நிற்காமல், கை வாய்க்கும் முகத்துக்கும் எட்டுமா என்று கேட்கத் தோன்ற வேண்டும். 0 முதல் 5 வரையிலான தசை வலிமைத் தரவரிசையில் 3 என்பது புவியீர்ப்பை எதிர்த்து மட்டுமே முழு அசைவும் இயலும் நிலை. வெறுங்கையை உயர்த்தக்கூடிய அவரால் நிரம்பிய குவளையை உயர்த்த முடியாமல் போகலாம்.

படிக்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். குறிப்பேட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, அதை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நெடுநாள் நினைவுக்கு உதவுகிறது என்பதை ரோடிகர், கார்பிக்கி ஆகிய உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனைகள் தெளிவாகக் காட்டின. இடைவெளி விட்டுப் படிப்பதன் பயனோ 1885-இல் எபிங்ஹாஸ் செய்த ஆய்வுகளிலிருந்தே பேசப்பட்டு வருகிறது. தேர்வுக்கு முந்தைய இரவில் கை நரம்புப் பின்னலை இருபது முறை பார்ப்பதைவிட, மூன்று வாரங்களில் ஐந்து முறை வெற்றுத் தாளில் அதை வரைந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் நிரப்புவது மேல்.

படி 3: ஒரு கோட்பாட்டு மாதிரியை முழுமையாகப் பயன்படுத்திப் பாருங்கள்

நோயாளியின் நிலையை எந்தக் கோணங்களில் பார்ப்பது என்று வகுத்துத் தரும் கோட்பாட்டு மாதிரிகள்தான் மாணவர்கள் அதிகம் முணுமுணுக்கும் பாடம். கீல்ஹாஃப்னரும் அவருடைய சகாக்களும் 1980-இல் முன்வைத்த மனிதச் செயல் மாதிரி, மேரி லாவும் சகாக்களும் 1996-இல் வெளியிட்ட நபர்–சூழல்–செயல் மாதிரி, மைக்கேல் இவாமா ஜப்பானியச் சிகிச்சையாளர்களுடன் சேர்ந்து ஆற்றின் உருவகத்தில் அமைத்த காவா மாதிரி என்று வரிசையாக வரும்போது, எல்லாம் ஒன்றையே வேறு பெயரில் சொல்வதாகத் தோன்றும். அந்த எரிச்சலில் ஓரளவு நியாயமும் உண்டு.

ஆனால் ஒரே மாதிரியை எடுத்து ஒரே நோயாளியின் கதையை அதன் வழியே முழுதாக எழுதிப் பார்த்தால், அது எதைக் கேட்க வைக்கிறது என்பது புலப்படும். மனிதச் செயல் மாதிரி உங்களை விருப்பம், பழக்கம், செயல்திறன், சூழல் ஆகியவற்றைத் தனித்தனியாக விசாரிக்கச் செய்கிறது. கை அசைவு திரும்பிவிட்ட பிறகும் ஏன் அவர் வேலைக்குத் திரும்பவில்லை என்ற புதிருக்கு, விருப்பம் என்ற தலைப்பின் கீழ்தான் விடை கிடைக்கும். அதே கதையை இரண்டாவது மாதிரியில் எழுதும்போது முதலாவது எதை விட்டுவிட்டது என்று தெரிய வரும். இரண்டு மாதிரிகளில் இவ்வளவு ஆழம் போதும். மற்றவற்றைத் தேர்வுக்குத் தேவையான அளவில் அறிந்திருங்கள்.

படி 4: மதிப்பீட்டுக் கருவிகளின் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள்

புதிய மாணவருக்குப் படிவம் ஒரு பாதுகாப்பு. கேள்விகள் அச்சிடப்பட்டிருப்பதால் மௌனம் வராது. ஆனால் எந்தக் கருவி எந்தக் கேள்விக்கு என்று தெரியாமல் நிரப்பப்படும் படிவத்தால் நோயாளியின் நேரம்தான் வீணாகிறது. பார்தெல் (Barthel) அளவுகோலில் 0 முதல் 100 வரையும், எஃப்ஐஎம் (FIM) எனப்படும் செயல்சார் தற்சார்பு அளவுகோலில் 18 கூறுகள் ஒவ்வொன்றுக்கும் 7 நிலைகளிலும் மதிப்பெண் இடப்படுகிறது. இரண்டும் ஒருவருக்கு அன்றாடச் செயல்களில் எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதைச் சொல்லுமே தவிர, ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சொல்லா. அந்த ஏனுக்கு நீங்கள் முதல் படியில் பழகிய பகுப்பாய்வோடு நேரில் கவனிக்க வேண்டும்.

கனடியச் செயல்திறன் அளவீடான சிஓபிஎம் வேறு வகை. எந்தச் செயல்கள் தமக்கு முக்கியம் என்பதை நோயாளியே சொல்லி, தாம் செய்யும் விதத்துக்கும் அதில் தமக்குள்ள நிறைவுக்கும் 1 முதல் 10 வரை தாமே மதிப்பிடுகிறார். இரண்டு புள்ளி மாற்றத்தைப் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றமாகக் கொள்வது வழக்கம். இந்த நேர்காணலைச் சக மாணவர்களிடம் பலமுறை செய்து பழகுங்கள். “பரவாயில்லை, எல்லாம் செய்கிறேன்” என்று சொல்லிவிடும் ஒருவரிடமிருந்து உண்மையான சிரமத்தைக் கேட்டறிவது படிவத்தில் அச்சிடப்படாத திறன். நேற்றைய பொழுது காலை எழுந்தது முதல் எப்படிக் கழிந்தது என்று கேட்பது பெரும்பாலும் நல்ல தொடக்கம்.

படி 5: இலக்கு எழுதுவதையும் பதிவு எழுதுவதையும் தனித் திறனாகப் பயிலுங்கள்

“மேல் உடல் வலிமை கூடும்” என்பது இலக்கு அன்று. “இரண்டு வாரங்களுக்குள், நாற்காலியில் அமர்ந்தபடி, வாய்மொழிக் குறிப்பு மட்டும் பெற்று, முன்பக்கம் பொத்தானுள்ள சட்டையை 10 நிமிடங்களுக்குள் அணிந்துகொள்வார்” என்பது இலக்கு. காலம், நிலை, உதவியின் அளவு, செயல், அளவுகோல் ஆகிய ஐந்தும் அதில் இருக்கின்றன. இதில் எது விடுபட்டாலும் இரண்டு வாரம் கழித்து இலக்கு எட்டப்பட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

பதிவு எழுதப் பல இடங்களில், நான்கு பகுதிகளின் ஆங்கில முதலெழுத்துகளால் சோப் (SOAP) எனப்படும் முறை பயன்படுகிறது. 1960-களில் லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கிய சிக்கல் சார்ந்த மருத்துவப் பதிவின் ஒரு பகுதியான இதில், நோயாளி சொன்னது, நாம் கண்டது, நம் மதிப்பீடு, அடுத்த திட்டம் என்று நான்கு பகுதிகள் உண்டு. மாணவர்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் குழப்புவார்கள். அல்லது மூன்றாவதில் “நன்கு ஒத்துழைத்தார்” என்று எழுதிவிட்டு நகர்வார்கள். வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். “சட்டையின் இடக் கைப்பகுதியை மூன்று முறை தவறவிட்டார்; ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் பார்க்கச் சொன்ன பிறகே கண்டுகொண்டார்” என்பது கண்டது. “வலது கையின் அசைவும் வலிமையும் போதுமானவையாக இருப்பதால் தடை இடப்பக்கப் புறக்கணிப்பிலிருந்து (இடப்பக்கத்தில் இருப்பதை மூளை கவனிக்காமல் விடும் நிலை) வருவதாகத் தோன்றுகிறது, குறிப்புச் சொன்னதும் திருத்திக்கொள்வதால், பார்வையை இடப்பக்கம் திருப்பும் உத்தியைக் கற்றுக்கொள்ள வாய்ப்பு உண்டு” என்பது மதிப்பீடு. மேற்பார்வையாளர் உங்களைச் சிந்திக்கத் தெரிந்தவர் என்று முடிவு செய்வது பெரும்பாலும் இந்தப் பகுதியைப் படித்துத்தான்.

படி 6: கைப்பழக்கம் தேவைப்படுபவற்றை முன்னதாகவே பழகிவிடுங்கள்

நோயாளியை இடம் மாற்றுவதும், கையைச் சரியான நிலையில் பிடித்து வைக்கும் கைத்தாங்கியைச் செய்வதும் படித்து வருபவை அல்ல. சக்கர நாற்காலியின் பிரேக்கைப் பூட்டுவது, கால் தாங்கியை ஒதுக்குவது, படுக்கையிலிருந்து எழுந்து அமர்ந்தவரிடம் தலைசுற்றல் உள்ளதா என்று கேட்டுவிட்டு அடுத்த அசைவுக்குச் செல்வது, செயலிழந்த கையை ஒருபோதும் பிடித்து இழுக்காதிருப்பது ஆகியவை யோசிக்காமலே வரும் அளவுக்குப் பயிற்சிக்கூடத்தில் பழகிவிட வேண்டும். கை அவற்றைத் தானே செய்தால்தான் உங்கள் கவனம் நோயாளியின் முகத்தில் இருக்கும்.

மணிக்கட்டுத் தாங்கியைப் பொறுத்தவரை, உள்ளங்கையின் விரலோர மடிப்பை மூடாமல் விடுவது, மணிக்கட்டின் சிறுவிரல் பக்கத்து எலும்பு முனையில் அழுத்தம் விழாமல் பார்ப்பது, அணிவித்த சிறிது நேரத்தில் கழற்றித் தோல் சிவந்துள்ளதா என்று சோதிப்பது ஆகிய மூன்றையும் விடாதீர்கள். முதல் சில தாங்கிகள் அழகற்றுத்தான் வரும்.

படி 7: களப்பயிற்சி

உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் கூட்டமைப்பு 1952-இல் தொடங்கப்பட்டது. அதன் குறைந்தபட்சக் கல்வித் தரங்களின்படி, ஒரு மாணவர் 1,000 மணி நேரமேனும் களப்பயிற்சி பெற வேண்டும். படிப்பின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இங்கேதான் வெளிப்படுகின்றன.

சேருவதற்கு முன் அந்தப் பிரிவுக்கு எத்தகைய நோயாளிகள் வருகிறார்கள், எந்த மதிப்பீட்டுக் கருவிகள் பயன்படுகின்றன, மாணவரிடம் எந்த வாரத்தில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எதிர்பார்ப்பு எழுத்தில் இல்லாதபோதுதான் பாதிப் பயிற்சிக் காலம் கடந்த பிறகு இரு தரப்பும் ஏமாற்றமடைகின்றன.

1980-களின் பிற்பகுதியில் மானுடவியலாளர் ஷெரில் மேட்டிங்லியும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் மௌரீன் ஃபிளெமிங்கும் அமெரிக்காவில் சிகிச்சையாளர்களின் சிந்தனையை ஆராய்ந்தபோது, அனுபவமுள்ளவர்கள் ஒரே நேரத்தில் பல தடங்களில் சிந்திப்பதைக் கண்டார்கள். நோய்க்கு எந்தச் சிகிச்சை முறை பொருந்தும் என்பது ஒன்று. எதிரில் இருப்பவரோடு எப்படிப் பழகினால் அவர் ஈடுபடுவார் என்பது இன்னொன்று. இவருடைய வாழ்க்கை இனி எப்படி அமையலாம், அதற்கு இன்றைய அரை மணி நேரம் எப்படி உதவும் என்பது மூன்றாவது. தொடக்க நிலை மாணவரின் மனம் முதல் தடத்திலேயே நிரம்பிவிடுகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னதாக, மூன்று தடங்களுக்கும் ஒரு வரி வீதம் எழுதிவிட்டுச் சென்றால், மற்ற இரண்டும் மெல்ல விழித்துக்கொள்கின்றன. மேற்பார்வையாளரின் “ஏன்?” என்ற கேள்விக்கான விடையும் அந்தத் தாளிலேயே இருக்கும்.

மேற்பார்வையாளரிடம் “நான் எப்படிச் செய்தேன்?” என்று கேட்டால் “நன்றாகத்தான் செய்தீர்கள்” என்ற பதிலே வரும், அதைக் கொண்டு எதையும் திருத்த முடியாது. “அவர் களைத்தபோது செயலை எளிதாக்க நான் தாமதித்தேனா?” என்று குறிப்பாகக் கேளுங்கள். கடுமையான விமர்சனம் வந்தால் அங்கேயே விளக்கம் கொடுக்க முற்படாமல், எந்தச் செயலைக் கண்டு அப்படிச் சொல்கிறார் என்று ஓர் எடுத்துக்காட்டைக் கேட்டு எழுதிக்கொண்டு, மறுநாள் அதே சூழலில் மாற்றிச் செய்து காட்டுங்கள். தேர்ச்சி ஐயத்துக்குரியதாக இருப்பதாக உணர்ந்தால், இடைக்கால மதிப்பீட்டுக்குக் காத்திராமல் கல்லூரியின் களப்பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் உடனே பேசுங்கள். காலம் மிச்சமிருக்கும்போதுதான் திருத்தத் திட்டம் பயன்படும்.

நோயாளி கேட்பதற்கு விடை தெரியாவிட்டால், தெரியாது என்றும், கேட்டு வந்து சொல்வதாகவும் கூறிவிட்டு, சொன்னபடி திரும்பிச் செல்லுங்கள். நோயாளியின் பெயர் முதலிய விவரங்களை உங்கள் கைபேசியில் எழுதி வைக்காதீர்கள்.

மனநலப் பிரிவில் பயிற்சிக்குச் செல்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அளக்க மூட்டும் இல்லை, செய்யத் தாங்கியும் இல்லை என்பதால், அங்கே தாம் எதையும் செய்யவில்லை என்ற உணர்வு மாணவர்களுக்கு வருகிறது. 1917-இல் அமெரிக்காவில் இத்துறையின் முதல் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் வில்லியம் ரஷ் டண்டன் ஒரு மனநல மருத்துவர். மனநலப் பணி இத்துறையோடு தொடக்கத்திலிருந்தே இணைந்திருக்கிறது. குழுச் செயல்பாட்டின்போது யார் முதலில் பொருளை எடுத்தார், யார் எந்தக் கட்டத்தில் விலகினார், எந்த அளவு சிக்கல் வந்தபோது கவனம் சிதறியது என்று கவனித்து எழுதுங்கள். அங்கே அதுவே உங்கள் அளவீடு.

படி 8: உங்கள் துறையைச் சொல்லத் தெரிந்திருங்கள்

“இது பிசியோதெரபி தானே?” என்ற கேள்வி நோயாளியிடமிருந்தும், உறவினரிடமிருந்தும், சில வேளைகளில் மருத்துவரிடமிருந்தும் வரும். அந்த நோயாளியின் வாழ்க்கையிலிருந்தே ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லத் தயாராக இருங்கள்: “இவர் தனியாகக் குளித்து, உடுத்தி, வேலைக்குத் திரும்புவதற்கு எது தடையாக இருக்கிறது என்று கண்டு, அதைச் சரிசெய்வது அல்லது அதற்கு வேறு வழி காண்பது என் பணி.” குழுக் கூட்டத்தில் பேச ஒரு நிமிடம் கிடைத்தால் தசை வலிமையைச் சொல்லித் தொடங்காமல், அவர் இப்போது எதைச் செய்கிறார், எதைச் செய்ய இயலவில்லை, வீடு திரும்ப என்ன தேவை என்று சொல்லுங்கள்.

படி 9: ஆய்வுக் கட்டுரை

வாரம் ஒன்று போதும். நோயாளியிடமிருந்து பிறந்த ஒரு கேள்வியோடு படிக்கத் தொடங்குங்கள்: யாரை ஆராய்ந்தார்கள், எதைச் செய்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எதை அளந்தார்கள், அவர்கள் என் நோயாளியைப் போன்றவர்களா என்று ஐந்து வரிகளில் எழுதி வையுங்கள்.

படி 10: உடலையும் மனத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்

முழுநேரக் களப்பயிற்சி பெரும் களைப்பைத் தரும். பகலில் நோயாளிகளும் இரவில் பதிவுகளும் திட்டங்களும் என்று நாள்கள் ஓடும்போது, முதலில் பறிபோவது தூக்கம். ஒவ்வொரு அமர்வுக்கும் புதிய யோசனை தேவை என்ற எண்ணமே இரவுகளை விழுங்குகிறது. அதே செயலைச் சற்றுக் கடினமாக்கியோ எளிதாக்கியோ மீண்டும் தருவது முறையான சிகிச்சைதான். நோயாளி ஒருவரின் இறப்போ, சீராகாத ஒரு குழந்தையின் நிலையோ மனத்தை அழுத்தினால், அதை மேற்பார்வைக் கூட்டத்திலேயே பேசலாம். உடல்நலக் குறைவோ, மாற்றுத்திறனோ, கற்றல் சிரமமோ உள்ள மாணவர்கள் தங்களுக்குத் தேவையான வசதிகளைப் பயிற்சி தொடங்கும் முன்பே கேட்டுப் பெற வேண்டும். பிறருக்கு அத்தகைய மாற்றங்களைப் பரிந்துரைக்கப் பயில்பவர்கள் தமக்கென்று கேட்கத் தயங்குவது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

படி 11: பயிற்சியின் கடைசி இரண்டு வாரங்கள்

விடைபெறும் நாளைக் குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பே நோயாளிகளிடம் சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கும் மனநலப் பிரிவில் இருப்பவர்களுக்கும் இன்னும் முன்னதாகச் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்துப் பொறுப்பேற்பவருக்கு ஒவ்வொரு நோயாளிக்கும் அரைப் பக்கக் குறிப்பு எழுதுங்கள்: எட்டிய இலக்கு, எட்டாத இலக்கு, எந்த வகைக் குறிப்புக்கு அவர் நன்கு செவிசாய்க்கிறார், எது அவரைச் சோர்வடையச் செய்கிறது என்பவை அதில் இடம்பெறட்டும். பிறகு மேற்பார்வையாளருடன் அமர்ந்து, மதிப்பெண்ணுக்கு அப்பால், அடுத்த களப்பயிற்சியின் முதல் வாரத்திலேயே நீங்கள் வேலை செய்ய வேண்டிய இரண்டு திறன்கள் எவை என்று கேளுங்கள். அவற்றை இலக்கு வாக்கியங்களாக எழுதி, அடுத்த மேற்பார்வையாளரைச் சந்திக்கும் முதல் நாளே அவரிடம் கொடுங்கள்.